காற்சட்டையும் அங்குலக் கணக்கும்

பருத்த உடலுடைய பெண்ணொருத்தி ஜீன்ஸ் அணிவது தகுமோ என்று என்னிடம் கேட்டவர்கள் உளர். அவர்களுட் சிலர் என்னோடு ஆசிரியத் தொழில் புரிபவர்கள், நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். தகுமோ என்பது எனக்கு ஒரு வினாவே அன்று. கிடைக்குமோ என்பதே என் வினா. வாரத்தில் ஐந்து நாள் சேலையுடுத்திப் பாடஞ் சொல்கிறேன். எஞ்சிய இரண்டு நாட்களில் கணவரின் மோட்டார்ச் சைக்கிளிற் பின்னிருந்து செல்லவும், சந்தைக்குப் போய் வரவும் உறுதியான காற்சட்டை ஒன்று எனக்கு வேண்டும். சேலை எவருடைய உடலையும் அளந்து பாராத உடை என்பது மெய். ஆறு யார் துணி மெலிந்தவளையும் பருத்தவளையும் ஒன்றுபோலவே சுற்றிக்கொள்ளும். அப்படியானால் சேலையோடு நின்றுவிடலாமே என்பார்க்கு ஒன்று சொல்வேன்: தொடையோடு தொடை உராய்ந்து புண்படும் சித்திரை வெயிலிற் சேலை கட்டி ஒரு கட்டை தூரம் நடந்து பார்த்தவர் அவ்வாறு சொல்லார்.

ஜீன்ஸ் என்பது மெல்லிய இளைஞருக்கென்றே பிறந்த உடை என்பது போல விளம்பரங்கள் காட்டுகின்றன. அதன் பிறப்பு வரலாறோ வேறு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் யேக்கப் டேவிஸ் என்றொரு தையற்காரர் இருந்தார். 1870ஆம் ஆண்டின் இறுதியில், விறகுவெட்டி ஒருவரின் மனைவி அவரிடம் வந்து, தம் கணவருக்கு எளிதிற் கிழியாத காற்சட்டை ஒன்று தைத்துத் தருமாறு கேட்டார். கணவர் பெருத்த உடலினர். தைத்து விற்கப்பட்ட எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. நேரில் வராத அவரின் அளவை மனைவியே நூலில் முடிச்சிட்டு எடுத்து வந்தார் என்று சொல்வார்கள். டேவிஸ் தடித்த துணியில் தைத்து, பைகளின் மூலைகளிற் செப்புத் தறையாணிகளை அடித்துக் கொடுத்தார். அந்த உபாயத்துக்குத்தான், தமக்குத் துணி விற்ற லெவி ஸ்ட்ராஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 1873 மே 20இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் அணியப்படும் இவ்வுடையின் முன்னோடி, ஆயத்த உடைகள் கைவிட்ட ஒரு பருத்த மனிதருக்காக, அவர் மனைவி தையற்கடைக்குப் போனதால் உண்டாயிற்று! இதை அறிந்த நாள்முதல், கடைப் பெண்கள் என்னை மேலுங் கீழும் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பே வருகிறது.

என் கணவரின் காற்சட்டையில் 36, 32 என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது இடையின் சுற்றளவு, பின்னது காலின் உட்புற நீளம், இரண்டும் அங்குலம். எனக்குரிய பிறநாட்டுக் காற்சட்டைகளில் 18 என்றோ 20 என்றோ இருக்கும். எதன் பதினெட்டு? அங்குலமும் அன்று, சென்ரிமீற்றரும் அன்று. 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடத்தும் 59 அளவுகளாக எடுத்துப் பதிவு செய்தது. வெள்ளை இனத்துப் பெண்களின் அளவுகளே அதிற் கணக்கிடப்பட்டன. அதை அடியொற்றி 1958இல் அந்நாட்டு வணிகத் திணைக்களம் வெளியிட்ட அளவுத்திட்டமும் 1983இற் கைவிடப்பட்டது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியதைப் பதினெட்டு என்கிறது. வாங்குபவளை மகிழ்விப்பதற்காக எண்ணைக் குறைத்துத் துணியைக் கூட்டும் தந்திரமும் உண்டு. ஆணுக்கு அளவைச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு முகமன் சொல்கிறார்கள்.

காலி வீதியிலுள்ள கடையொன்றில் அண்மையில் நடந்தது இது. பெண்களுக்கான வரிசை 34ஓடு முடிந்திருந்தது. "உங்கட சைஸ் எங்களிட்ட வாறேல்ல அன்ரி" என்றாள் விற்பனைப் பெண். என் கணவர் அமைதியாக, "தங்கச்சி, இதின்ர இடுப்பு எத்தினை இஞ்சி?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மேசைமீது விரித்து அளக்கத் தொடங்கினார். நாடாவின்படி அந்த 34இன் இடை முப்பத்தேழு அங்குலம்! அளந்து அளந்து, வேறொரு மூலையிலிருந்து எனக்கு ஏறக்குறையப் பொருந்தக்கூடிய ஒன்றை அவரே எடுத்து வந்தார்.

உடை வாங்கப் போகும்போது துணையாக வருபவர் செய்யவேண்டியது இதுதான். வீடு போய்ச் சேரும் அவசரத்தில் எல்லாவற்றையும் "நல்லாயிருக்கு" என்பவரால் ஒரு பயனுமில்லை. அணிந்தவளுக்குத் தன் முதுகுப்புறம் தெரியாது. அதைப் பார்த்து உள்ளதைச் சொல்ல ஒரு கண் வேண்டும். உடுத்துப் பார்க்கும் அறைக்கு வெளியே ஒரு கதிரை போட்டு, உடுத்தபடியே என்னை உட்காரச் சொல்வார் அவர். நிற்கையிற் பொருந்துவது இருக்கையிற் பின்னால் இறங்கிவிடும். இடைக்கும் துணிக்குமிடையே கை நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும்.

இக்குறை எங்கிருந்து வருகிறது? நடுத்தர உடலொன்றுக்கு மாதிரி வெட்டி, அடுத்தடுத்த அளவுகளுக்கு இத்தனை அங்குலமென்று எல்லாப் பக்கமும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். உடல் அப்படிக் கணக்குப் பார்த்துப் பெருப்பதில்லை. ஒருத்திக்கு வயிறு, இன்னொருத்திக்குத் தொடை. சதை கூடியதற்காகக் கால் நீள்வதுமில்லை. தையற்காரர் 'சீற்' என்று சொல்லும் பின்புறச் சுற்றளவுக்குப் பொருந்தினால் இடையில் தளரும். இடைக்குப் பொருந்தினால் தொடையில் ஏறாது. 1958இல் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் யோசேப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பாண்டெக்ஸ் நூல், நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தால் ஓரளவு உதவும். மிகுதியாகக் கலந்தால் மாலைக்குள் முழங்கால் பை போலத் தொங்கும்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 1977இற் பொருளாதாரம் திறக்கப்பட்டு, மறு ஆண்டு கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் தோன்றியது முதல் ஆயத்த உடையே இந்நாட்டின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதியாக வளர்ந்தது. போர் முடிந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. மேனாட்டுச் சீமாட்டிகளின் எல்லா அளவுகளுக்கும் எங்கள் பெண்பிள்ளைகளின் விரல்கள் தைக்கின்றன. அவற்றுள் எஞ்சியவை பெயர்த்துண்டு நறுக்கப்பட்டுப் புறக்கோட்டை நடைபாதையிற் குவிகின்றன. என்னுடைய காற்சட்டைகளுட் சிறந்தது அங்கே கிடைத்ததுதான். தைக்கத் தெரிந்த நாட்டில், பெண்ணின் உடையிலும் இடை இத்தனை அங்குலம், சீற் இத்தனை அங்குலம் என்று இரண்டு எண்களை அச்சிடுவதற்கு என்ன தடை? கடைக்காரருக்கு அதிற் செலவு ஒன்றுமில்லை. வெட்கத்தோடு திரும்பிப் போகும் எத்தனையோ பெண்கள் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அதுவரை எனக்குக் கைகொடுப்பவர் வெள்ளவத்தையில் ஒற்றை இயந்திரத்தோடு இருக்கும் தையற்காரர் ஒருவர். பின்புற இடைப்பட்டியைப் பிரித்து, முக்கோணமாக இரண்டு துண்டை நீக்கி, மறுபடி மூட்டித் தருவார், பிளவு மறைந்துவிடும். டெனிம் துணி வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை முழுவதையும் தாமே தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டரை யார் போதும் என்கிறார் அவர். மூன்று யார் வேண்டும் என்கிறார் நாடா வைத்திருக்கும் என் கணவர்.