இருபத்தைந்து நிமிடத்தில் தூத்துக்குடியாம்!

சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில். வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்று; நேர்கோட்டில் சுமார் 340 கி.மீ. மணிக்கு 800 கி.மீ வேகம் என்று வைத்து வகுத்தால் இருபத்தைந்து நிமிடப் பயணம். ஆகா, எவ்வளவு சுலபம்!

இந்தக் கணக்கில் ஒரே ஒரு குறைதான். அப்படி ஒரு விமானமே கிடையாது.

போகவேண்டும் என்றால் சென்னை போல வேறொரு ஊரைச் சுற்றித்தான் போகவேண்டும். சென்னை வழியாகத் தெற்கே போகிறவர் முதலில் வடகிழக்கே 265 கி.மீ பறந்து, மீனம்பாக்கத்தில் காத்துக்கிடந்து, பிறகு 525 கி.மீ தெற்கே வரவேண்டும். 340 கி.மீ இப்போது 790 ஆகிவிட்டது. வருவதும் 800 கி.மீ வேக ஜெட் அல்ல; சேலத்துக்கு வரும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கி.மீ அளவில் பறப்பது. மதுரை வழியாகக் காரில் கிளம்பியவர் ஆறேழு மணி நேரத்தில் உப்புக்காற்றை வாங்கிக்கொண்டிருப்பார்.

சரி, சென்னைக்காவது லாபமா? ஏற்காட்டுக்கும் கமலாபுரத்துக்கும் நேர்கோட்டில் 16 கி.மீதான். ஆனால் சாலை நேர்கோடு அல்லவே! இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வர 30 கி.மீ. அங்கிருந்து விமான நிலையம் இன்னொரு 20 கி.மீ. செம்மநத்தம் போன்ற மலைக்கிராமத்துக்காரர் ஏற்காடு வந்து சேரும் நேரத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பதையும் சேர்த்தால், சேலம் சந்திப்பில் வந்தே பாரத் ஏறிச் சென்னை போகிறவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

நேர்கோட்டுத் தூரம் விமானிக்கு வேண்டும், எரிபொருள் கணக்குக்கு வேண்டும். யாரும் மறுக்கவில்லை. அதைப் 'பயண நேரம்' என்று பயணியிடம் விற்பதுதான் மோசடி.

உடான் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டபோது, ஒரு மணி நேரப் பறத்தலுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதுவும் வானத்தில் இருக்கும் நேரத்தைத்தான் அளக்கிறது. மண்ணில் கழியும் நேரத்துக்குக் கணக்கே இல்லை! கமலாபுரத்தில் 1993இல் திறந்த நிலையத்துக்கு 2009இல் விமானம் வந்தது, நின்றது. 2018இல் வந்தது, 2021இல் நின்றது. 2023இல் மறுபடி வந்திருக்கிறது. வந்த விமானம் நிலைக்க வேண்டுமானால், அதன் நேரத்துக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு பேருந்து விடுவதில் தொடங்கட்டும்.

வீட்டு வாசலில் இருந்து போய்ச்சேரும் வாசல் வரை எத்தனை மணி நேரம்? அதைச் சொல்லாத தூரக் கணக்கு பறவைகளுக்குப் பயன்படலாம். மனிதர்களுக்கு அல்ல.