மீதி நேரத்தை எங்கே வைப்பது?

தையல் வரிசையில் வேலையைப் பகிர்ந்தளிக்கும் பொறியாளர் முதலில் கணக்கிடுவது டாக்ட் நேரம், அதாவது வாங்குவோரின் தேவையை ஈடுகட்ட ஓர் உருப்படிக்கும் அடுத்ததற்கும் இடையே இருக்கத்தக்க கால அளவு. 480 நிமிட ஷிப்டில் 960 டி-சட்டைகள் வேண்டுமெனில் அது 30 விநாடி. தோள் இணைப்பு, கழுத்து ரிப், கை ஏற்றுதல், பக்கம் மூட்டுதல், அடிமடிப்பு முதலிய வேலைகளுக்கு ஒரு சட்டைக்கு மொத்தம் 212 விநாடி ஆகும் என்று கொண்டால், ஏழு பேர் போதாமல் எட்டுப் பேர் தேவைப்படுவதும், எட்டுப் பேரின் 240 விநாடியில் 28 விநாடி எஞ்சுவதும் எளிய கணக்கு. அந்த எச்சத்தை வரிசையில் எங்கே வைப்பது என்பதில்தான் பல ஆலைகளின் நடைமுறை தடுமாறுகிறது.

வரிசையில் வேலையைப் பகிர்ந்தளிக்கும் சிக்கலின் கணித அடித்தளம் பழையது. மெல்வின் சால்வெசன் 1955-இல் இச்சிக்கலைக் கணித வடிவில் முன்வைத்தார். ஒவ்வொரு வேலைக்கும் அதன் சொந்த நேரத்தோடு அதற்குப் பின் வரவேண்டிய எல்லா வேலைகளின் நேரத்தையும் கூட்டி எடை தந்து, எடை மிக்கதை முதலில் ஒதுக்கும் முறையை ஹெல்கெசனும் பிர்னியும் 1961-இல் வெளியிட்டனர். இம்முறைகளின் எளிய வடிவங்கள் வேலை நேரம் மாறாதது என்றும், எந்த வேலையையும் எந்த இருக்கைக்கும் தரலாம் என்றும் கொள்கின்றன. திருப்பூரின் தையல் கூடத்தில் இவ்விரண்டுமே பொருந்துவதில்லை. ஓவர்லாக் இருக்கையில் மிகும் நான்கு விநாடி வேலையை வேறு வகை இயந்திரமான பேட்லாக்கில் (ஃபிளாட்லாக்) தைக்கும் அருகிலுள்ள டெய்லரிடம் தள்ள முடியாது. டெய்லருக்கு உதவும் கைமடிப்பவரிடம் தரக்கூடியதும் மடிப்பது, திருப்புவது, நூல் வெட்டுவது போன்றவையே. சராசரியாக 30 விநாடியில் தைப்பவர் ஒரு சட்டையை 26-இல் முடித்து, நூல் அறுந்த அடுத்த சட்டைக்கு 36 எடுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் விரைந்து முடித்த நான்கு விநாடி, முந்தைய இருக்கையிலிருந்து துணி வராதபோது காத்திருப்பிலேயே கழிந்துவிடுவதால், தாமதம் மட்டுமே வரிசையில் சேர்ந்துகொண்டு போகிறது. ஓர் இருக்கை 36 விநாடியில் நிலைத்துவிட்டால், மற்ற ஏழு பேர் எவ்வளவு விரைந்தாலும் அன்றைய உற்பத்தி 800-ஐத் தாண்டாது.

ஆகவே எச்ச நேரத்தில் இரு வகை உண்டு என்பதை ஏற்க வேண்டும். ஒன்று, மனிதக் கையின் ஏற்ற இறக்கத்துக்கான இடம். இது எல்லா இருக்கையிலும் இருந்தாக வேண்டும். மற்றது, ஆட்களை முழு எண்ணாகவே வைக்க முடியும் என்பதால் வரும் உபரி. இருக்கைக்கு 28 விநாடியை உச்ச வரம்பாக வைத்தால், எட்டு இருக்கைகளிலும் இரண்டிரண்டாகப் பதினாறு விநாடி முதல் வகையில் அடங்கும்; எஞ்சும் 12 விநாடியை எல்லோருக்கும் பகிராமல் ஓரிடத்தில் குவிப்பதே சரி. டொயோட்டா உற்பத்தி முறையில் உபரியைக் கடைசி இருக்கையில் சேர்ப்பதும் இதற்காகவே. ஏழு பேர் 28 விநாடியும் எட்டாமவர் 16 விநாடியும் வேலை செய்தால், பண்டலை எடுக்கும் தூரத்தைக் குறைத்தோ துணியை மடித்துத் தரும் ஃபோல்டரை இயந்திரத்தில் பொருத்தியோ அந்த 16 விநாடியை நீக்கி, ஒருவரை வேறு வரிசைக்கு அனுப்பலாம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆளுக்கு 26.5 விநாடி என்று சமமாகப் பங்கிட்டால் நியாயமாகத் தோன்றினாலும் உபரி யார் கண்ணிலும் படாது. இயந்திர வகை காரணமாக இலட்சியப் பங்கீடு கைகூடாது என்பது உண்மை. ஆயினும் எங்கே குவிப்பது என்று தீர்மானித்துக் குவிப்பது வேறு, தற்செயலாகக் குவிவது வேறு.

குவிந்த உபரியைக் கண்டதும் எல்லோருடைய இலக்கையும் உயர்த்தும் மேற்பார்வை, இம்முறையின் கழுத்தை நெரிப்பதாகும்; அடுத்த முறை நேரம் அளக்கும்போது டெய்லர் மெதுவாகத் தைப்பதில் வியப்பில்லை.

அளவீட்டையே பெரிதும் சாராத மாற்று வழியும் உண்டு. பார்தோல்டியும் ஐசன்ஸ்டைனும் 1996-இல் காட்டியபடி, இயந்திரங்களைவிட ஆட்கள் குறைவாக இருந்து, மெதுவானவர் தொடக்கத்திலும் விரைவானவர் முடிவிலும் நின்று, கடைசி ஆள் ஓர் உருப்படியை முடித்ததும் பின்னோக்கிச் சென்று முன்னவரின் வேலையை வாங்கிக்கொண்டால், வரிசை தானாகவே சமநிலை அடைகிறது. பல இயந்திரங்களில் தைக்கத் தெரிந்தவர்கள் இருந்தால்தான் இது நடக்கும். எனவே அங்கே முதலீடு கணிப்பொறி நிரலில் அல்ல, பயிற்சியில் இடப்பட வேண்டியது.

தினசரித் திறன் அறிக்கையில் மொத்தச் சதவீதம் ஒன்றை மட்டும் எழுதும் பொறியாளர்கள், இருக்கைக்கு விட்ட இடம் எவ்வளவு, குவித்த உபரி எவ்வளவு, அது எந்த இருக்கையில் என்ற மூன்று கட்டங்களையும் இனிச் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.