முப்புரி வடத்தின் நடுவே

ஆடித் தபசன்று சங்கரன்கோவிலுக்குப் போனவர்களுக்குக் கூட்டம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கோமதியம்மனின் தபசுக் காட்சியைக் காண வந்தவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, பிள்ளை பார்க்கட்டும்" என்றால் தள்ளி நிற்பார்கள். இன்னும் கொஞ்சம் என்றால் அதற்கும் இடம் கொடுப்பார்கள். ஆனால், எவ்வளவுதான் நெருக்கிக்கொண்டாலும் ஒருவர் நிற்கிற இடத்திலேயே இன்னொருவர் நிற்க முடியாது. நெருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

அணுக்களுக்கும் இதே சட்டந்தான். அந்த எல்லையைக் கணக்கிட்டு ஒரு படமாகவே வரைந்து உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நம் சென்னையில் இருந்தார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பருப்பிலும் முட்டையிலும் புரோட்டீன் இருக்கிறது என்று டாக்டர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் ரத்தம், தசை, தோல் எல்லாவற்றிலும் புரோட்டீன் உண்டு. இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளைப் போல் வரிசையாகக் கோத்த சங்கிலி அது. சங்கிலி நீளமாகக் கிடப்பதில்லை. மடங்கிச் சுருண்டு ஓர் உருவம் எடுக்கிறது. அந்த உருவந்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது.

புடவையை மடித்து வைத்துப் பாருங்கள். விரித்தபோது முந்தானை ஒரு கோடி, உள் தலைப்பு இன்னொரு கோடி. மடித்த பிறகோ இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன! புரோட்டீனிலும் இதே கதைதான். சங்கிலியில் ஐந்தாவது மணியும் இருநூறாவது மணியும் மடிப்பிலே அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிடலாம். ஆகவே ஒரு புரோட்டீனைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் முதலில் கேட்கிற கேள்வி இது: எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? முந்நூறு மணிகள் உள்ள சங்கிலியானால், இரண்டிரண்டாகச் சேர்த்து 44,850 ஜோடிகளின் தூரத்தைக் கணக்கிட வேண்டும். அதில் நெருக்கமானவை எவை என்று குறித்துக்கொண்டால், மடிப்பின் ரகசியம் பாதி வெளியாகிவிடும்.

இந்தத் தூரங்களை அளக்கிற கோலுக்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு!

இனிக் கதைக்கு வருவோம். 1952-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்து சேர்ந்தார் ஜி. என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், சர் சி. வி. ராமனிடம் பாடம் கேட்டவர். அப்போது வயது முப்பது. சென்னைக்கு வந்திருந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், "கொலாஜன் என்ற புரோட்டீனின் உருவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை" என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரனுக்கு அது போதுமானதாக இருந்தது.

கொலாஜன் என்பது லேசுப்பட்டதல்ல. நம் உடம்பில் மிக அதிகமாக உள்ள புரோட்டீன் இதுதான். எலும்பு, தோல், தசைநார் எல்லாவற்றையும் கட்டி நிறுத்துகிற கயிறு இது. ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்ரே படம் எடுத்து ஆராய்ந்தார்கள். 1954-ல் விடையை வெளியிட்டார்கள். கொலாஜன் ஒற்றைச் சங்கிலி அல்ல, மூன்று சங்கிலிகள் சேர்ந்த முப்புரி என்றார்கள். அடுத்த வருஷம் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று காட்டினார்கள்.

கயிறு திரிக்கிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. புரியை ஒரு பக்கம் முறுக்குவார்கள். புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப் பக்கம் முறுக்குவார்கள். அப்போதுதான் கயிறு பிரியாது. கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலிக்கும் இடப்பக்க முறுக்கு. மூன்றும் சேர்ந்த வடத்துக்கு வலப்பக்க முறுக்கு. தேரை இழுக்க மனிதன் கண்டுபிடித்த தந்திரத்தை அவன் எலும்புக்குள் இயற்கை எப்போதோ செய்து வைத்துவிட்டது!

ஆனால் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆட்சேபம் கிளம்பியது. ஆட்சேபித்தவர்கள் சாமானியர்கள் அல்ல. ஒருவர், 1953-ல் டி.என்.ஏ.யின் உருவத்தை வாட்ஸனுடன் சேர்ந்து கண்டுபிடித்த ஃபிரான்ஸிஸ் கிரிக். மற்றவர் அலெக்ஸாண்டர் ரிச். "முப்புரி என்பது சரிதான். ஆனால் சென்னைக்காரர்களின் உருவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன. அப்படி நிற்க முடியாது" என்பது 1955-ல் அவர்கள் கட்சி.

இந்த மாதிரிச் சமயத்தில் நாம் என்ன செய்வோம்? பதிலுக்குக் காரசாரமாக நாலு வார்த்தை எழுதுவோம். ராமச்சந்திரன் வேறு கேள்வி கேட்டார்: "அளவுக்கு மீறி என்கிறார்களே, அந்த அளவுதான் என்ன?"

அதுவரை உருவம் தெரிந்திருந்த சிறிய படிகங்களைப் பற்றிய தகவல்களையெல்லாம் திரட்டினார்கள். ஒன்றோடொன்று பிணைக்கப்படாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்குகின்றன என்று அட்டவணை போட்டார்கள். இரண்டு கார்பன் அணுக்களுக்குச் சாதாரண எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், தவிர்க்க முடியாவிட்டால் 3.0 வரை போகலாம். கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் 2.8; கடைசி எல்லை 2.7. இப்படியே ஒவ்வொரு ஜோடிக்கும்.

பிறகு சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் கூடச் சேர்ந்தார்கள். அமினோ அமிலம் ஒவ்வொன்றிலும் கதவுக் கீல் போல இரண்டு இடங்களில் சங்கிலி திரும்பக் கூடும். இரண்டு கீல்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எதை இடிக்கிறது என்று கணக்குப் பார்த்தார்கள். இன்று ஒரு நொடியில் செய்கிற கம்ப்யூட்டர் அன்று அவர்கள் மேஜையில் இல்லை. இடிக்காத நிலைகளை மட்டும் படத்தில் குறித்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. படத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெற்றிடம்! சங்கிலி எப்படி வேண்டுமானாலும் வளையலாம் என்று தோன்றுகிறதே தவிர, அதற்கு இயற்கை விட்டிருக்கும் இடம் சில சிறு தீவுகள்தான். 1963-ல் வெளியான இந்தப் படத்துக்கு உலகம் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயர் வைத்தது.

கொலாஜன் வழக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? முப்புரி நிலைத்தது. புரிகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு, மூன்று மணிக்கு ஒன்றா இரண்டா என்ற விவரத்தில் பின்னால் வந்த ஆராய்ச்சிகள் கேம்பிரிட்ஜ் பக்கம் சாய்ந்தன. ஆனால் அந்த ஆட்சேபம் வராதிருந்தால் வரைபடமும் வந்திருக்காது. ஒரு வழக்கில் பாதி தோற்றவருக்கு ஊரையே எழுதிக் கொடுத்த மாதிரிதான்!

'இதனால் நமக்கென்ன லாபம்?' என்று கேட்கிற வாசகிகளுக்கும் ஒரு பதில் உண்டு. முப்புரி வடத்தின் நடுவே இடம் மிக மிகக் குறைவு. அங்கே அடங்கக் கூடியது கிளைஸின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் ஒன்றுதான். அதன் பக்கவாட்டில் இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. ஆகவே கொலாஜன் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைஸின். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிகளில் ஒரே ஓர் இடத்தில் கிளைஸினுக்குப் பதிலாகப் பெரிய அமிலம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? நெருக்கம் தாளாமல் முறுக்கு கெடுகிறது. விளைவு, எலும்பு நொறுங்கும் நோய். பிள்ளையைத் தூக்கினால் கை முறிகிறது. தவழ்ந்தால் கால் முறிகிறது. காரணம் தெரியாத இடங்களில், 'பெற்றவளே பிள்ளையை அடித்தாள்' என்ற பழியைச் சுமந்த தாய்மார்களும் உண்டு. அந்தத் தாய் நிரபராதி என்று சாட்சி சொல்வது ஆங்ஸ்ட்ராம் கணக்கு!

இன்று உலகப் புரோட்டீன் தகவல் வங்கியில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. புதிதாக ஓர் உருவம் வந்தால், அது சரியா தப்பா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மணிகளில் எது எதற்கு அண்டை என்பதைக் கம்ப்யூட்டரே ஊகித்து, உருவத்தை வரைந்து காட்டும் வித்தையும் வந்துவிட்டது. அதைச் செய்த ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் 2024-ல் ரசாயன நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2001-ல் சென்னையில் காலமானார். ஆனால் புரோட்டீனை ஆராய்கிற மாணவன் எந்த நாட்டில் இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லாமல் பாடத்தை முடிக்க முடியாது.

குறை சொன்னவர் மேல் கோபப்படாமல், குறையை அளந்து பார்க்கக் கோல் செய்தார் ஒருவர். அந்தக் கோல் அவருடைய வழக்கைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அடுத்த தடவை தேர் வடம் பிடிக்கும்போது அதன் முறுக்கைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பிடித்திருக்கிற உங்கள் கைக்குள்ளேயும் அதே மாதிரி கோடானுகோடி வடங்கள் இழுத்துக்கொண்டிருக்கின்றன.