ஊதுவிசிறியின் வேகம்

அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் பிள்ளைகளைக் குடியமர்த்தியிருக்கும் வாசகர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்காகவே இம்மாதப் பகுதி.

2019 டிசம்பரில், சிகாகோ நகரை அடுத்த ஊரில் வசிக்கும் என் ராத்தா மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அங்கே வீட்டைச் சூடாக்க நிலவறையில் ஃபர்னஸ் என்னும் எரிவாயு உலை நிற்கிறது. அதனுள் வெப்பமாற்றி எனப்படும் உலோகக் கூடு. கூட்டின் உட்புறம் நெருப்பும் புகையும்; வெளிப்புறம் வீட்டுக் காற்று. அக்காற்றை இழுத்து, கூட்டின்மீது செலுத்தி, தகரக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புவது ஊதுவிசிறி. புகையும் நாம் சுவாசிக்கும் காற்றும் ஒரே தகட்டின் இரு புறங்களில் ஓடுகின்றன என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

படுக்கையறைக் காற்று சூடாக இல்லை என்று மருமகனின் மனைவி குறைப்பட்டார். "விசிறியைக் குறைத்தால் காற்று நன்றாகச் சூடேறி வரும் மாமா" என்று கூறி, மருமகன் தாமே கீழே இறங்கிக் கம்பியை மாற்றிவிட்டு வந்தார். பொறியியல் படித்தவராயிற்றே என்று நானும் தலையாட்டினேன். படித்தது கணினிப் பொறியியல் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை!

இரண்டு நாள் காற்று அனலாக வந்தது. மூன்றாம் நாள் சுபுஹுக்கு எழுந்தால் வீடெங்கும் குளிர். உலை சிறிது நேரம் எரிவதும், தானே அணைவதும், மீண்டும் எரிவதுமாக இருந்தது.

பழுது பார்க்க வந்தவர் காற்றைக் கைவைத்துப் பார்க்கவேயில்லை. உலைக்குத் திரும்பும் காற்றிலும், உலையிலிருந்து வெளியேறும் காற்றிலும் வெப்பமானி செருகினார். உள்ளே 68 டிகிரி ஃபாரன்ஹீட், வெளியே 150. வேறுபாடு 82. உலையில் ஒட்டியிருந்த தகட்டிலோ, வேறுபாடு 40 முதல் 70 வரை இருக்கலாம் என்று அச்சிடப்பட்டிருந்தது. விசிறி மெதுவாக ஓடியதால் வெப்பமாற்றியின் சூட்டைக் காற்று சுமந்து செல்லவில்லை. சூடு எல்லை மீறியதும் லிமிட் சுவிட்ச் நெருப்பை அணைத்திருக்கிறது. நாள்தோறும் இப்படியே கொதித்து ஆறினால் உலோகம் வெடிப்புக் காணும். அவ்வழியே புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு படுக்கையறைவரை வரக்கூடும். நிறமும் மணமும் இல்லாத நச்சு அது, உறங்குபவரை எழுப்பாது.

முதலில் அவர் வடிகட்டியை உருவினார். தூசி அப்பிப் போர்வைபோல் இருந்தது. புதியதைச் செருகியதும் வேறுபாடு 74 ஆகக் குறைந்தது. அப்போதும் எல்லைக்கு வெளியேதான். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கியில் தங்கிய மின்னையும் வெளியேற்றிவிட்டு, சிவப்புக் கம்பியைக் கழற்றி நீலத்தை இணைத்தார். பெரும்பாலான மோட்டார்களில் கறுப்பு அதிவேகம், நீலம் நடுவேகம், சிவப்புக் குறைவேகம். ஆனால் இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உலைக் கதவின் உட்புறம் ஒட்டியுள்ள வரைபடமே சான்று. பயன்படாத கம்பிகளைத் தனித்தனியே மூடி வைத்தார். இரண்டு வேகங்களுக்கு ஒருங்கே மின்சாரம் பாய்ந்தால் மோட்டார் கருகிவிடுமாம். புதிய வகை உலைகள் சிலவற்றில் கம்பிக்குப் பதிலாகச் சிறு சுவிட்சுகள் உள்ளன. மீண்டும் அளந்தபோது வெளியேறும் காற்று 124, வேறுபாடு 56.

அப்படியானால் அதிவேகத்திலேயே வைத்துவிடலாமே என்று கேட்டேன். வேறுபாடு 40க்குக் கீழே போனால், பழைய வகை உலைகளில் புகை குளிர்ந்து நீர் கோத்துத் துருப்பிடிக்கும் என்றார். குளிர்சாதனத்திற்கு மிகுந்த காற்றோட்டம் வேண்டுமாதலால், கோடைக்கென்று இணைத்திருந்த கறுப்புக் கம்பியை அவர் தொடவில்லை.

புறப்படும்போது எச்சரிக்கைக் கருவி எங்கே என்றார். உறங்கும் அறை ஒவ்வொன்றிலிருந்தும் 15 அடிக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது இல்லினாய் மாநிலத்தில் 2007 முதல் சட்டம். மருமகன் வீட்டில் கருவி இருந்தது. பேட்டரிதான் இல்லை. அன்று மாலையே வாங்கிப் போட்டார்.

மருமகனின் மனைவி சொன்ன குறை? கட்டிலை நோக்கி இருந்த காற்றுவாயின் தகடுகளை வந்தவர் சற்றே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அவ்வளவே.