சீனக் கவிதையில் இரட்டிக்கும் சொற்கள்

சீன நாட்டின் மிகப் பழைய பாடல் தொகுதி 'ஷி சிங்' என்பது. அதில் அடங்கிய 305 பாடல்களுள் ஒன்று, மகளிர் மூலிகை பறிப்பதைப் பாடுகிறது. அடிக்கு நான்கு எழுத்தாகப் பன்னிரண்டு அடிகளில் 48 எழுத்துகளை உடையது அப்பாடல். சீன மொழியில் ஓர் எழுத்து ஓரசையாகும். பழம்பாடல்களில் பெரும்பாலும் அதுவே ஒரு சொல்லும் ஆகும். அந்த 48 எழுத்துகளுள் ஆறு இடங்களில் மட்டுமே சொல் மாறுகிறது. மற்ற இடங்களிலெல்லாம் முன்வந்த சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

இத்தகைய நடையைப் பின்வந்தோர் பின்பற்றலாகாது என்று 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யுவான் மெய் என்னும் புகழ்பெற்ற கவிஞர் எழுதினார். மெழுகுவத்தி ஏற்றுவதையும் அதன் திரி நறுக்குவதையும் இதே பாணியில் ஒருவர் பாடி எள்ளினாராம். கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தனராம். ('விழுந்து விழுந்து' என்று நாம் கூறுவதும் சொல்லை இரட்டித்தே என்பதைக் காண்க.) அடுத்த நூற்றாண்டில் தோன்றிய பாங் யூருன் என்னும் அறிஞரோ இதனை மறுத்தார். மனம் அமைதியுற்று இப்பாடலில் தோய்வோர்க்குத் திறந்த வெளியில் உழவர் மகளிர் கூட்டமாக நின்று பாடும் ஓசை கேட்கும் என்பது அவர் கருத்து.

பாங் யூருன் கூறியதே பொருந்தும் என்று நான் கருதுகிறேன். மாறும் அந்த ஆறு சொற்கள் எவை? பறித்தல், சேர்த்தல், பொறுக்குதல், உருவுதல், மடியில் இடுதல், மடியைச் செருகிக்கொள்ளுதல் என்பவை. ஏனைய சொற்கள் மாறாது நிற்பதனாலன்றோ இந்த ஆறும் தனித்து ஒலிக்கின்றன? வெறுங்கையுடன் தொடங்கிய வேலை மடி நிறைந்து முடிவதை அவை காட்டிவிடுகின்றன.

'கூறியது கூறல்' ஒரு குற்றம் அன்றோ என்று நன்னூல் பயின்ற மாணவர் கேட்கலாம். நன்னூலார் அதனை நூலுக்குரிய குற்றமாகக் கூறினாரேயன்றிப் பாட்டுக்குக் கூறினாரல்லர். மேலும், நான்கு எழுத்தே கொண்ட அடியில் ஒரு சொல்லை இரட்டித்தால் அடியின் செம்பாதி அதற்கே செலவாகிறது. இடம் இத்துணைக் குறுகியிருந்தும் புலவன் இரட்டிக்கத் துணிகிறான் என்றால், வேறு வகையால் பெறமுடியாத ஒன்றை அவன் நாடுகிறான் என்றே கொள்ளல் வேண்டும்.

நம் இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது. சீனத்திலும் பறவைக் குரலைக் குறிக்கும் சில அத்தகையன. ஆனால் பிரித்தாலும் பொருள் தரும் இரட்டைகள் அங்குப் பல. 'யீ' என்னும் சொல் சாய்தலையும் சார்ந்திருத்தலையும் குறிக்கும். போருக்குச் சென்று பனிக்காலத்தில் வீடு திரும்பும் வீரன் ஒருவன், தான் புறப்பட்ட நாளில் வில்லோ மரக்கிளைகள் அசைந்த அசைவை 'யீயீ' என்கிறான். கிளை மெல்ல ஆடுவதும், பிரிய மனமின்றி ஒன்றைப் பற்றி நிற்பதும் அந்த ஈரசையில் ஒருங்கே அமைகின்றன. அவனைப் பிரிய மனமின்றி நின்றது மரம் மட்டுமா? அதைப் பாட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் இலக்கியத் திறனாய்வு நூல் இயற்றிய லியூ சியே, சிறிய அளவில் பெரும்பொருளை அடக்கும் ஆற்றலுக்கு இச்சொல்லையும் எடுத்துக்காட்டினார்.

தாங் அரசர் காலத்தில் கவிதை விதிகள் இறுகின. எட்டடிச் செய்யுளில் ஒருமுறை ஆண்ட சொல்லை மீண்டும் ஆளாமை மரபாயிற்று. அந்நிலையிலும் இரட்டைச் சொற்கள் தம் இடத்தை இழக்கவில்லை. தூ ஃபூ 767ஆம் ஆண்டில், நோயும் முதுமையும் வருத்த, உயர்ந்த இடத்தில் ஏறி நின்று பாடிய பாட்டில் 56 எழுத்துகளே உள்ளன. அதில் உதிரும் இலைகளின் ஓசைக்கு ஓர் இரட்டையும், புரண்டு வரும் யாங்சி ஆற்றின் பெருக்குக்கு ஓர் இரட்டையும் அடுத்தடுத்த அடிகளில் ஒரே இடத்தில் வைத்தார். முன்னது செவிக்கு, பின்னது கண்ணுக்கு. இலையுதிர்வும் நீர்ப்பெருக்கும் ஓயாமல் தொடர்வது அவ்விரட்டிப்பால் புலனாகிறது.

இம்முறையை எவரும் துணியாத எல்லை வரை கொண்டுசென்றவர் லி சிங்சாவ் என்னும் பெண்பாற் புலவர். அவர் 1084இல் பிறந்தவர். 1127இல் ஜின் படையினர் தலைநகர் கைஃபெங்கைக் கைப்பற்றவே, அவர் தெற்கே சென்றார். 1129இல் கணவரை இழந்தார். இருவரும் அரிதின் தேடிச் சேர்த்த நூல்களும் பழம்பொருள்களும் பெரும்பாலும் அழிந்தன. அவருடைய புகழ்பெற்ற பாட்டொன்று ஏழு சொற்களை ஒவ்வொன்றும் இருமுறையாக அடுக்கி, 14 எழுத்துகளுடன் தொடங்குகிறது. தேடுதலில் தொடங்கி, குளிர்ந்த வெறுமை வழியே துயரத்தில் வந்து நிற்கின்றன அவை. தேடிய இடத்திலேயே மறுபடியும் தேடுகின்ற கை அங்கே தெரிகிறது.

மொழிபெயர்ப்போர் சிலர், ஒரு முறை போதுமென்று கருதி இரட்டையை ஒற்றையாக்கி, மேலும் ஓர் அடைமொழியை ஒட்டிவிடுகின்றனர். இஃது எனக்கு உடன்பாடன்று. நயம் குறைந்தாலும் இரட்டையை இரட்டையாகவே பெயர்த்தல் நேர்மை. பாட்டின் இறுதியை நெருங்கும் இடத்தில் மாலைமழை மரத்து இலைகளில் துளி துளியாக விழுகிறது. அங்கும் சொற்கள் இரட்டித்தே வருகின்றன. அதன் பின், துயரம் என்னும் ஒரு சொல் தன் நிலையைக் கூறப் போதாது என்னும் கருத்துடன் லி சிங்சாவ் பாட்டை முடிக்கிறார்.