விடுமுறையும் வீட்டடுப்பும்

விடுமுறை என்னும் சொல்லுக்கு நம்மில் பலர் பிழைபடப் பொருள் கொள்கின்றனர். பள்ளியின் கதவு அடைபட்டவுடன் கைகால்களையும் கட்டி வைத்துவிட வேண்டும் என்பது அவர்தம் எண்ணம் போலும்! கதிரவன் உச்சிக்கு ஏறும்வரை உறக்கம். பின்னர் நாற்காலியில் சாய்ந்து கிடத்தல். பிறர் சமைத்ததை உண்டு, பிறர் ஆக்கிய காட்சிகளைக் கைப்பேசியில் கண்டு, மீண்டும் உறக்கம். இவ்வாறு ஒரு திங்கள் கழித்த மாணவன், பள்ளி திறக்கும் நாளில் களைத்தவனாகவே வருகின்றான்.

'மாணவர்க்கு ஓய்வு வேண்டாவோ?' என்று சிலர் வினவுவர். வேண்டும்; ஐயமில்லை. ஆயின் ஓய்வு யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். வாரத்தில் ஒரு நாளை ஓய்வுக்கென்றே வகுத்து, அதனைப் பன்னூறு ஆண்டுகளாகக் கண்ணெனக் காத்து வருவோர் யூதர். அவர்தம் இல்லங்களில் ஓய்வு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஈண்டுக் காண்போம்.

வெள்ளிக்கிழமை ஞாயிறு மறையும் வேளையில் தொடங்கிச் சனிக்கிழமை இரவில் விண்மீன்கள் தோன்றும்வரை யூதர்க்கு ஓய்வுநாள். அந்நாளில் செய்யத்தகாத தொழில்களை அவர்தம் சமய நூலோர் 39 வகையாகப் பகுத்துள்ளனர். உழுதல், விதைத்தல், அறுத்தல், நெய்தல், எழுதுதல் ஆகியவற்றோடு மாவு பிசைதலும் அப்பம் சுடுதலும் அவற்றுள் அடங்கும். நெறி வழுவாத வீடுகளில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. வண்டியில் ஏறுவதும் இல்லை. ஆனால் அன்றைய உணவோ வாரத்திலேயே சிறந்த உணவாக இருத்தல் வேண்டும்! அது தானே வந்து சேருமா? வெள்ளிக்கிழமைப் பொழுது சாய்வதற்குள் அனைத்தையும் ஆக்கி முடித்தல் வேண்டும். முன்னாள் உழைப்பின் மீதே மறுநாள் ஓய்வு நிற்கின்றது. அந்த ஓய்வுநாளிலும் அவர்கள் வீட்டிற்குள் முடங்கிக் கிடப்பதில்லை. வண்டி ஏறாதவர்கள் ஆதலின் தொழுகைக் கூடத்திற்கு நடந்தே செல்கின்றனர்.

வெள்ளிக்கிழமை வேலைகளுள் தலையாயது 'ஹல்லா' என்னும் அப்பம் சுடுதல். கோதுமை மாவோடு முட்டை, எண்ணெய், சிறிது சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றைச் சேர்த்து நீர் விட்டுப் பிசைவர். ஏறத்தாழப் பத்து நிமிடம் அழுத்தியும் மடித்தும் பிசைந்தால்தான் மாவு இழுபடும் தன்மையை அடையும். தோளும் முன்கையும் நன்கு உழைக்கும் வேலை இது. பின்னர் மாவை மூடி வைத்தால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அது இருமடங்காக உப்பும். அதனைக் கயிறு கயிறாகத் திரித்துக் கூந்தலைப் பின்னுவது போலப் பின்னி, மேலே முட்டையைத் தடவி, மூடிய அடுப்பில் பொன்னிறமாகச் சுட்டெடுப்பர். இரண்டு அப்பங்கள் வைப்பது மரபு. அவர்தம் முன்னோர் பாலைநிலத்தில் அலைந்தபோது, ஓய்வுநாளுக்கு முன்தினம் மன்னா என்னும் உணவு இருமடங்காகக் கிடைத்தது என்பர். அதன் நினைவே அவ்விரண்டு அப்பங்கள்.

மாவு மிகுதியாகப் பிசையும்போது அதில் ஒரு சிறு பகுதியைக் கிள்ளியெடுத்து எரித்துவிடும் வழக்கமும் உண்டு. எருசலேமில் ஆலயம் இருந்த நாளில் அப்பகுதி ஆலயக் குருமார்க்கு உரியதாக இருந்தது. கி.பி. 70-இல் உரோமர் ஆலயத்தை அழித்தனர். யூதர் பல நாடுகளில் சிதறினர். ஆயினும் அந்தச் சிறு மாவு உருண்டை இன்றும் தனியே எடுக்கப்படுகின்றது. கல்லால் எழுப்பியது இடிந்தது. கையால் பிசைந்தது நிலைத்தது!

பஸ்காத் திருநாளில் நிலை வேறு. எகிப்திலிருந்து விரைந்து புறப்பட்ட முன்னோர்க்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரம் இல்லை. அதன் நினைவாக மாவும் நீரும் மட்டும் சேர்த்து, புளிப்பில்லாத 'மட்சா' சுடுவர். நீர் பட்ட நொடியிலிருந்து 18 நிமிடங்களுக்குள் பிசைந்து, தேய்த்து, துளையிட்டு, சுட்டு முடித்தாக வேண்டும். ஒரு நிமிடம் தவறினும் அந்த மாவு தள்ளப்படும். கையால் மட்சா செய்யும் இடங்களில் ஆடவரும் நின்று மாவு தேய்க்கின்றனர். அடுக்களை வேலை பெண்மக்களுக்கே உரியது என்று கருதும் நம் மாணவர் சிலர் இதனை நன்கு கருத்தில் கொள்க.

பூரிம் விழாவில் கசகசாவையோ பழக்கூழையோ உள்ளே வைத்து முக்கோணமாக மடித்த பணியாரம் செய்வர். யூதரை அழிக்கச் சூழ்ச்சி செய்த ஆமானின் பெயரே அதற்கு அமைந்தது. பகைவனைத் தின்று தீர்ப்பது குழந்தைகளுக்கு எத்துணை மகிழ்ச்சி! அன்று நண்பர் ஒருவர்க்கேனும் இருவகை உணவு அனுப்புதலும், வறியவர் இருவர்க்கேனும் ஈதலும் கடமை. ஆதலால் பிள்ளைகள் தட்டுகளை ஏந்தித் தெருத்தெருவாக நடப்பர். ஹனுக்காவில் எண்ணெயில் பொரித்த பண்டங்களும், புத்தாண்டில் தேன் சேர்த்த அப்பமும் இவ்வாறே வீடுகளில் உருவாகின்றன.

இவையெல்லாம் கடைகளில் கிடைக்கின்றனவே, வருந்திச் செய்வது எதற்கு என்னும் வினா எழலாம். அதற்கு நான் விடை கூறுவதினும் ஒரு வரலாறு கூறுவது தகும். இரண்டாம் உலகப் போரின்போது, செக் நாட்டுத் தெரெசின் என்னும் கோட்டை நகரில் நாசிகள் யூதரை அடைத்து வைத்தனர். அங்கே பசி கொடிது. மீனா பெக்டர் என்னும் மூதாட்டியும் அவர்தம் தோழியரும், தாங்கள் முன்பு வீட்டில் செய்த பண்டங்களின் செய்முறைகளை நினைவிலிருந்து தாள்களில் எழுதி வைத்தனர். சில குறிப்புகளில் ஒரு பொருள் விடுபட்டுள்ளது; சிலவற்றில் முறை முன்பின்னாக உள்ளது. மீனா பெக்டர் 1944-இல் அங்கேயே இறந்தார். அத்தாள்கள் கைமாறிக் கைமாறி, 1969-இல் நியூயார்க்கில் வாழ்ந்த அவர் மகளிடம் சேர்ந்தன; 1996-இல் நூலாகவும் வெளிவந்தன. உண்டு மட்டும் பழகியவர் சுவையை நினைவுகூர்தல் கூடும். ஆனால் மகளுக்கு எழுதி அனுப்ப வேண்டுமாயின், செய்து பழகிய கை வேண்டும். அப்பெண்டிரிடமிருந்து பறிக்க இயலாமற் போனது அது ஒன்றே.

மாவு பிசைதல் ஒன்றே உடலுக்குப் போதும் என்று நான் கூறவில்லை. 5 முதல் 17 அகவை வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்குதல் வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. அதற்கும் இவ்வேலையில் வழியுண்டு. மாவு உப்புவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் அன்றோ? அந்நேரம் அடுப்பருகே அமர்ந்திருத்தற்கு உரியதன்று. ஓடவும் நீந்தவும் மிதிவண்டி செலுத்தவும் உரியது. மாவு தன் வேலையைச் செய்யும். பிள்ளைகள் தம் வேலையைச் செய்யலாம்.

நம் வீடுகளில் அப்பம் சுடும் அடுப்பு இல்லையே எனத் தயங்க வேண்டா. கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்த பெனே இசுரவேலர் என்னும் யூதர், செக்காட்டி எண்ணெய் எடுக்கும் தொழிலினர். சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் ஊரார் அவர்களைச் 'சனிக்கிழமைச் செக்கார்' என்னும் பொருளுடைய பெயரால் அழைத்தனர். மற்ற நாள்களில் சுழன்ற செக்கு அன்றோ, அந்த ஒரு நாள் நின்றதை ஊரார் கண்ணுக்குக் காட்டியது! அவர்கள் நன்றிப் படையலாகச் செய்வது 'மலிதா' என்னும் இனிப்பு. அவலை நீரில் அலசிப் பிழிந்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலப்பொடியும் சேர்த்துக் கலந்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி வைப்பர். அதற்கு நெருப்பே வேண்டுவதில்லை. விடுமுறையின் முதல் நாள் காலையிலேயே செய்து பார்க்கலாம்.