மாலை போதாது, நீதி வேண்டும்

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் 100-ஆவது நாள். அன்றும் மறுநாளும் தூத்துக்குடியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர், திரேஸ்புரத்தில் குண்டுக்குப் பலியான ஒரு பெண்.

பனிமய மாதாவை வணங்கும் கரை இது. மதம் சாராப் போராட்டத்தில் மாண்டவர்களையும் தியாகிகள் என்று தொழுவது இங்கே இயல்பு. ஆனால் அவர்கள் தெய்வப் பிறவிகள் அல்லர். நல்ல காற்றும் தண்ணீரும் கேட்ட அண்டை வீட்டார். பீடத்தில் ஏற்றிவிட்டால் அவர்கள் எழுப்பிய கேள்வி மறந்துபோகும். விடுதலைப் போராட்ட வீரர் வ.உ.சி.யையும் இப்படித்தான் செம்மல் என்று போற்றுகிறோம். அவரோ 1936-ல் இதே ஊரில் வறுமையில் மறைந்தார்.

துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீசார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அதை முழுமையாக நிறைவேற்றுவதே அரசு செலுத்த வேண்டிய உண்மையான அஞ்சலி.